ஆயி மண்டபத்துக்கு ஒரு குழாய், பாகூருக்கு ஒரு வாய்க்கால்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



இந்த வாரம் பாண்டிச்சேரி. பேரைச் சொன்னதும் உங்க மனசுல என்னென்ன ஓடும்னு எனக்குத் தெரியும். மஞ்சள் சுவர், காகிதப்பூ, ராக் பீச், ஈசிஆர்ல ஒரு லாங் வீக்கெண்ட். அப்படிப் போனவங்கள்ல நிறைய பேர் ஆளுநர் மாளிகைக்கு எதிர்ல இருக்கிற பாரதி பூங்காவுக்குள்ள ஒரு வெள்ளை மண்டபத்தைப் பார்த்திருப்பீங்க. கிரேக்க, ரோமானியக் கட்டடம் மாதிரி இருக்கும். அதுக்கு முன்னாடி நின்னு போட்டோவும் எடுத்திருப்பீங்க. அதுதான் ஆயி மண்டபம். பாண்டிச்சேரியோட அடையாளமாவே அதைச் சொல்வாங்க.

அது எதுக்காகக் கட்டினாங்கன்னு கேட்டுப் பாருங்க. போர்ல ஜெயிச்சதுக்காக இல்லை. ராஜா ராணி கல்யாணத்துக்காக இல்லை. ஊருக்குக் குடிதண்ணி வந்ததுக்காக. இன்னும் நேராச் சொன்னா, அது ஒரு பைப்லைனுக்கு எழுப்பின நினைவு மண்டபம்.

இது நடந்து 160 வருஷம் ஆகுது. இப்ப அதே நகரத்துக்கு இன்னொரு பைப்லைன் திட்டம். கிராமத்துல ஆழ்துளைக் கிணறு போட்டு, அங்கேயிருந்து நகரத்துக்குத் தண்ணி கொண்டுவரணும். ஆனா இந்தத் தடவை பாகூர் பக்கத்துக் கிராமங்கள் "வேண்டாம்"னு சொல்றாங்க. ஒரு குழாய்க்கு மண்டபம், இன்னொரு குழாய்க்கு மறியலா? நடுவுல என்ன நடந்தது? அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

ஒரு வீடு, ஒரு குளம், ஒரு குழாய்

முதல்ல ஆயி கதை. இது வாய்வழியா வந்த கதைங்கிறதை ஞாபகம் வெச்சுக்கோங்க. 16-ஆம் நூற்றாண்டு. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கமாப் போறார். சாயங்கால நேரம். விளக்கெல்லாம் ஏத்தி ஜெகஜோதியா ஒரு கட்டடம் தெரியுது. கோயில்னு நினைச்சுக் கையெடுத்துக் கும்பிடுறார். அப்புறம்தான் தெரியுது, அது ஆயிங்கிற தாசியோட வீடு. ராஜாவுக்கு அவமானம். வீட்டை இடிச்சுத் தள்ளுங்கன்னு உத்தரவு. ஆயி கெஞ்சிப் பார்க்கிறா, நடக்கலை. கடைசியா ஒண்ணு கேட்கிறா: "நானே இடிச்சுடறேன், அந்த இடத்துல ஜனங்களுக்கு ஒரு குளம் வெட்டிக்க அனுமதி கொடுங்க." அப்படி வந்த குளம்தான் முத்திரையர்பாளையத்துக் குளம்னு சொல்றாங்க.

மூணு நூற்றாண்டு கழிச்சு பிரெஞ்சுக்காரங்க காலம். கடலோர நகரத்துல நல்ல தண்ணிக்குக் கஷ்டம். பிரான்ஸ்ல மூன்றாம் நெப்போலியன் ஆட்சி. 1860-கள்ல லாமரெஸ்ங்கிற பிரெஞ்சுப் பொறியாளர், நகரத்துக்கு மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி வில்லியனூர் போற பக்கம் இருக்கிற முத்திரையர்பாளையத்துல இருந்து தண்ணியைக் கொண்டுவர்றார். அதைக் கொண்டாடத்தான் அந்த மண்டபம். இந்தக் கதையைக் கேட்ட பிரெஞ்சுக்காரங்க அதுக்கு ஆயி பேரையே வெச்சாங்கன்னு சொல்றது வழக்கம்.

அழகான கதைதான், நானும் ரசிக்கிறேன். ஆனா தண்ணி எந்தத் திசையில போகுதுன்னு கவனிங்க. தண்ணி இருந்தது கிராமத்துல, போனது நகரத்துக்கு, மண்டபம் எழும்பினது நகரத்துல. முத்திரையர்பாளையத்துக்குப் பதிலுக்கு என்ன கிடைச்சதுங்கிறது இந்தக் கதைக்குள்ள வர்றதே இல்லை. அந்தக் கேள்வியைக் கையில வெச்சுக்கிட்டே தெற்கே போவோம்.

பங்காரி, சிங்காரி

பாண்டிச்சேரியில இருந்து கடலூர் ரோட்டுல போய் மேற்கே திரும்பினா, சுமார் 20 கிலோமீட்டர்ல பாகூர். புதுச்சேரியோட நெற்களஞ்சியம்னு பேர். நாம பாண்டிச்சேரியை வெறும் நகரமா நினைக்கிறோம். ஆனா புதுச்சேரி பகுதியில நகராட்சி ரெண்டுதான்: புதுச்சேரி, உழவர்கரை. மீதி அஞ்சும் கொம்யூன் பஞ்சாயத்து: வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு. கொம்யூன்ங்கிறது பிரெஞ்சுக்காரங்க 1880-ல கொண்டுவந்த உள்ளாட்சி அமைப்போட பேர். தமிழ்நாட்டுல ஒன்றியம்னு சொல்ற மாதிரி இங்கே இன்னிக்கும் கொம்யூன்.

பாகூர் புது ஊர் இல்லை. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடுகள் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அங்கே இருந்த ஒரு கல்விச்சாலைக்கு மூணு கிராமங்களைத் தானமாக் கொடுத்ததை அவை சொல்லுது. 1,100 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு கல்லூரியை நடத்துற அளவுக்கு அந்த மண்ணுல விளைச்சல் இருந்திருக்கு. அந்த விளைச்சலுக்குப் பின்னாடி இருக்கிறது ஏரி. புதுச்சேரி பகுதியில ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரிதான்.

அந்த ஏரிக்குத் தண்ணி எப்படி வருது? தென்பெண்ணை ஆத்துல சொர்ணாவூர்ல ஒரு அணைக்கட்டு. அது தமிழ்நாட்டு எல்லைக்குள்ள இருக்கு. அங்கேயிருந்து பங்காரு வாய்க்கால் வழியா ஆத்துத் தண்ணி பாகூர் ஏரிக்கு வருது. வர்ற வழியில மத்த ஏரிகளுக்கும் பிரிஞ்சு போகுது.

இந்த வாய்க்காலுக்கும் ஒரு கதை இருக்கு. பங்காரி, சிங்காரின்னு ரெண்டு தாசி சகோதரிகள் தங்களோட சொத்தைப் போட்டு இதை வெட்டினாங்கன்னு ஊர்ல சொல்வாங்க. ஆயி கதையோட ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டுலயும் ஊர் மதிக்காத பெண்கள். ரெண்டுலயும் தங்களோட சம்பாத்தியத்தைத் தண்ணியா மாத்துறாங்க. வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு. ஆயியோட தண்ணி பிற்பாடு கிராமத்தை விட்டு வெளியே போச்சு. பங்காரி, சிங்காரி வெட்டின வாய்க்கால் ஆத்துத் தண்ணியை ஊருக்குள்ள கொண்டுவந்தது. முதல் கதையைச் சுற்றுலாக் கையேட்டுல படிக்கலாம். ரெண்டாவதைக் கேட்கணும்னா பாகூருக்குத்தான் போகணும்.

கணக்கு வெச்ச கைகள்

ஏரின்னா சும்மா பள்ளத்துல தண்ணி நிக்கிறது இல்லை. அது ஒரு சிஸ்டம். வரத்து வாய்க்கால், கரை, மதகு, கலிங்கு, பாசன வாய்க்கால்னு அதுக்குப் பல பாகம் உண்டு. கலிங்குல வழியுற தண்ணி அடுத்த ஏரிக்குப் போகும். இதை யார் பராமரிக்கிறது, மதகை யார் திறக்கிறது, மேல்மடைக்கு எத்தனை நாள், கடைமடைக்கு எத்தனை நாள்? இதுக்கெல்லாம் பதில் இல்லாட்டி ஏரி ரெண்டு தலைமுறை தாங்காது.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்துல இதுக்கு எழுத்துப்பூர்வமான ஏற்பாடே இருந்தது. 'சேந்திக்கா அக்ரிகோல்'ங்கிற பேர்ல பாசன விவசாயிகளோட சங்கங்கள். அதுக்கு மேல 'கேஸ் கொம்யூன்'னு ஒரு பொது நிதி அமைப்பு. தண்ணி வாங்குறவங்க பணம் கட்டணும், அந்தப் பணம் ஏரி, வாய்க்கால் வேலைக்கே திரும்பி வரணும். அடிப்படை இவ்வளவுதான்.

இதைப் பொற்காலம்னு நினைச்சுடாதீங்க. நிலம் இருக்கிறவங்க கையிலதான் அந்தச் சங்கங்கள் இருந்தது. தமிழக ஏரிப்பாசனத்துல பொதுவா மதகைத் திறந்து, வயல் வயலாத் தண்ணி பாய்ச்சின நீர்க்கட்டிகள் பெரும்பாலும் தலித் மக்கள். வேலை அவங்களது, முடிவு அவங்களது இல்லை. ஆனா அந்த அமைப்புல ஒரு விஷயம் இருந்தது. தண்ணி எங்கேயிருந்து எவ்வளவு போச்சுன்னு ஊருக்குள்ள ஒருத்தருக்குத் தெரியும். தப்பு நடந்தா யார்கிட்டப் போய்ச் சண்டை போடணும்னும் தெரியும்.

போர் வந்த கதை

நம்ம கதையில அடுத்து வர்ற முக்கியமான பாத்திரம் பூமிக்கு அடியில இருக்கு. புதுச்சேரி பகுதிக்குக் கீழே அடுக்கடுக்காத் தண்ணி. மேல ஆத்து வண்டல், அதுக்கடியில கடலூர் மணற்கல், இன்னும் கீழே வானூர் மணற்கல்னு பழைய பாறை அடுக்குகள். 1870-கள் கடைசியில பிரெஞ்சுக்காரங்க இங்கே ஆழமாத் துளை போட்டப்ப, பல இடத்துல மோட்டாரே இல்லாம தண்ணி தானா மேல பீய்ச்சுச்சு. ஆர்ட்டீசியன் ஊற்றுன்னு சொல்றது இதைத்தான். மேலே கெட்டியான களிமண் அடுக்கு, கீழே அழுத்தத்துல தண்ணி. பிரஷர் குக்கர் விசிலைத் தூக்கின மாதிரி.

இன்னொரு சுவாரசியம். 1880-கள்ல பாகூர் பக்கம் இப்படி ஆர்ட்டீசியன் கிணறுக்காகத் துளை போட்டப்பதான் பழுப்பு நிலக்கரி இருக்கிறதே தெரிய வந்தது. அதே மணற்கல் பரப்புல தெற்கே இருக்கிற நெய்வேலியில 1950-கள்ல சுரங்கம் தோண்ட ஆரம்பிச்சாங்க. அங்கே நிலக்கரிக்குக் கீழே இருக்கிற தண்ணியோட அழுத்தம் சுரங்கத்தை உடைச்சுடக் கூடாதுன்னு ராத்திரி பகலாத் தண்ணியை இறைச்சுக்கிட்டே இருக்கணும்.

அதே காலகட்டத்துல பசுமைப் புரட்சி. புது நெல் ரகம், உரம், மின்சார மோட்டார். வில்லியனூர், பாகூர் வயல்ல எல்லாம் போர் இறங்குச்சு. மதகு திறக்கிற நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், சங்கத்துக்குப் போக வேண்டாம், பக்கத்து வயல்காரர்கிட்டக் கேட்க வேண்டாம். சுவிட்சைப் போட்டாத் தண்ணி. நெல்லோட கரும்பும் வாழையும் பெருகுச்சு. ஆனா ஏரிக்கு யாரும் போகாததால வரத்து வாய்க்கால் தூர்ந்துச்சு, கரையில ஆக்கிரமிப்பு வந்துச்சு. தானாப் பீய்ச்சின தண்ணி அடங்குச்சு, அப்புறம் வருஷத்துக்கு வருஷம் கீழே போச்சு.

இங்கே கடலோட பங்கையும் சொல்லணும். பாகூர் கொம்யூனோட கிழக்கு ஓரம் வங்கக்கடல். கடலோர மண்ணுல நல்ல தண்ணி, உப்புத் தண்ணிக்கு மேல மிதக்கும். உப்புத் தண்ணிக்கு எடை கொஞ்சம் அதிகம். அதனால பாடப்புத்தகத்துல ஒரு கணக்கு சொல்வாங்க. கடல்மட்டத்துக்கு மேல 1 மீட்டர் நல்ல தண்ணி நின்னா, அதுக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு நல்ல தண்ணி இருக்கும். திருப்பிப் போடுங்க: மேலே 1 மீட்டர் குறைஞ்சா, கீழே உப்பு 40 மீட்டர் ஏறிவரும். நிஜ நிலத்துல களிமண் அடுக்கு, நேரம், ஓட்டம் எல்லாம் சேர்ந்து இந்தக் கணக்கு மாறும். ஆனா "உப்பு வந்துடும்"னு கிராமத்துல சொல்ற பயம் வெறும் புரளி இல்லைங்கிறது இதுல புரியும். ஒரு தடவை உப்பு ஏறின கிணறு திரும்ப நல்ல தண்ணி ஆகறதுக்குத் தலைமுறைக் கணக்குல ஆகலாம்.

கிராமத்துக்காரங்க இதை எங்கேயோ படிச்சுத் தெரிஞ்சுக்கலை. பாண்டிச்சேரி நகரத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க. நகரத்தோட கடலோரக் கிணறுகள் ஒண்ணொண்ணா உவர்த்துப் போச்சு. குழாய்த் தண்ணியைக் குடிக்க முடியாம ஜனங்க கேன் தண்ணிக்குப் போனாங்க. அதனாலதான் இன்னிக்கு நகரம் கிராமத்தைப் பார்க்குது.

இப்போதைய திட்டம்

இப்ப பேசப்படுற திட்டம் இதுதான். வெளியே, குறிப்பா ஆத்தங்கரைகளை ஒட்டி இருக்கிற கிராமங்கள்ல ஆழ்துளைக் கிணறு அமைச்சு, அந்தத் தண்ணியைக் குழாய்ல நகரத்துக்குக் கொண்டுபோறது. கடன் தர முன்வந்தது ஏஎஃப்டி, அதாவது பிரெஞ்சு அரசோட வளர்ச்சி நிதி நிறுவனம். 160 வருஷம் கழிச்சு மறுபடியும் பிரான்ஸ், மறுபடியும் கிராமத்துத் தண்ணி, மறுபடியும் குழாய்.

பாகூர் பக்கத்து விவசாயிகளோட எதிர்ப்பைக் கேட்டா, அதுக்குள்ள பல கேள்வி ஒண்ணா முடிஞ்சு கிடக்கிறது தெரியும். ஒண்ணு, நகரத்தோட கிணறுகளுக்கு நடந்தது எங்க கிணறுகளுக்கும் நடக்காதுன்னு என்ன உத்தரவாதம்? ரெண்டு, எங்க ஏரியையும் வரத்து வாய்க்காலையும் சரிபண்ணாம எங்க அடிநீரை மட்டும் எப்படிக் கணக்குப் போடுறீங்க? மூணு, நகரத்துல பெய்யுற மழையை என்ன பண்றீங்க?

மூணாவது கேள்வியில நியாயம் இருக்கு. புதுச்சேரியை வறண்ட ஊர்னு யாரும் சொல்ல முடியாது. வருஷத்துக்குச் சராசரியா 1,300 மில்லிமீட்டர் மழை. லண்டனோட சராசரி மழையில இது சுமார் ரெண்டு மடங்கு. பிரச்சனை என்னன்னா, அதுல பெரும்பகுதி அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டித் தீர்த்துடும். அதைப் பிடிச்சு வைக்கத்தான் இந்தச் சின்னப் பகுதியில 84 ஏரி வெட்டி வெச்சாங்க.

ஒரு சின்னக் கணக்கு

இஞ்சினியர் புத்தி, கணக்குப் போடாம விடாது. போட்டுப் பார்ப்போம்.

ஒரு போகம் நெல்லுக்குச் சுமாரா 1,200 மில்லிமீட்டர் தண்ணி தேவைன்னு வேளாண் புத்தகங்கள் சொல்லும். ஒரு ஏக்கர்ங்கிறது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். பெருக்கினா, ஒரு ஏக்கருக்கு ஒரு போகத்துக்குச் சுமார் 48 லட்சம் லிட்டர். நகரத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்ங்கிறது நம்ம நாட்டுல திட்டம் போடும்போது வைக்கிற அளவு. வருஷத்துக்குச் சுமார் 49,000 லிட்டர். அப்ப, ஒரு ஏக்கர் நெல் ஒரு போகத்துல குடிக்கிற தண்ணி, கிட்டத்தட்ட 100 பேருக்கு ஒரு வருஷத்துக்குப் போதும்.

இந்த இடத்துல ரெண்டு பக்கமும் நெளியணும். கிராமத்துப் பக்கம், பூமிக்கு அடியில இருந்து அதிகம் உறிஞ்சுறது நகரத்துக் குழாய் இல்லை, வயல் போர்தான். நகரத்துக்காரங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்லைங்கிறதும் நிஜம். குழாயடியில நிக்கிற ஏழைக் குடும்பத்துக்கு "எங்க தண்ணியைத் தொடாதே"ன்னு சொல்றது சுலபம் இல்லை. கேன் வாங்கக் காசு இருக்கிறவங்க தப்பிச்சுக்குவாங்க. வீக்கெண்டுக்குப் போற நாமளும் ஹோட்டல்ல ஷவரைத் திறந்துவிட்டுக் குளிச்சுட்டு வந்துடறோம்.

நகரத்துப் பக்கம், தேவைப்படுற அளவு இவ்வளவு கம்மின்னா, அதை ஏன் கேட்டு வாங்க முடியலை? கொஞ்ச ஏக்கர்ல பயிரை மாத்தி, சொட்டுநீர் போட்டு, ஏரியைத் தூர்வாரி, அதுல மிச்சமாகிற தண்ணியை நகரத்துக்கு எடுத்துக்கலாமே? விவசாயிக்கு நஷ்டஈடும் கொடுக்கலாமே? கணக்குப்படி முடியும். அப்படியும் ஊர் நம்ப மாட்டேங்குதுன்னா, சிக்கல் லிட்டர்ல இல்லை. எடுக்கிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் நடுவுல ஒப்பந்தமே இல்லாததுதான் சிக்கல்.

ஒரு உதாரணம் சொல்றேன். புது ஆப் ஒண்ணு போடுறோம். பத்துப் பக்க நிபந்தனையை யாரும் படிக்கிறதில்லை, ஆனா கடைசியில "ஏற்கிறேன்"னு ஒரு பட்டன் இருக்கும். இந்தக் குழாய்த் திட்டத்துல கிராமத்துக்கு அந்தப் பட்டனே கிடையாது. ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ரோட்டுல உட்காரலாம், அவ்வளவுதான்.

மத்த ஊர்கள்ல

இது பாகூருக்கு மட்டும் வந்த பிரச்சனை இல்லை. சென்னை வீராணத்தைப் பார்த்த கதை உங்களுக்குத் தெரியும். 1960-கள் கடைசியில ஆரம்பிச்ச பழைய வீராணம் திட்டம் பாதியில நின்னுபோய், அந்த ராட்சதக் குழாய்கள் சாலையோரத்துல பல வருஷம் கிடந்துச்சு. வீடில்லாதவங்க அதுக்குள்ள குடித்தனமே நடத்தினாங்க. அப்புறம் 2004-ல புதிய வீராணம் திட்டம் வந்தது. நாளைக்கு 18 கோடி லிட்டர், 200 கிலோமீட்டருக்கு மேல குழாய். ராஜாதித்த சோழன் காலத்து ஏரின்னு நம்பப்படுற ஒண்ணு, சென்னையோட தண்ணித் தொட்டி ஆச்சு. டெல்டா விவசாயிகள் இன்னிக்கும் ஏரியில எவ்வளவு அடி நிக்குது, சென்னைக்கு எவ்வளவு போகுதுன்னு பார்த்துக்கிட்டேதான் இருக்காங்க.

அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சலஸ். 1913-ல ஓவன்ஸ் பள்ளத்தாக்குல இருந்து சுமார் 375 கிலோமீட்டருக்குக் கால்வாய் கட்டித் தண்ணி எடுத்தாங்க. 1924-ல அந்த ஊர் விவசாயிகள் கால்வாயை டைனமைட் வெச்சு உடைச்சாங்க. அப்படியும் நிக்கலை. 1920-கள்லயே ஓவன்ஸ் ஏரி காய்ஞ்சு புழுதிக்காடு ஆச்சு. அந்தப் புழுதியை அடக்கப் பிற்பாடு நகரமே பெரும் பணம் செலவு பண்ண வேண்டியதாப் போச்சு.

நியூயார்க் வேற வழியில போச்சு. 1997-ல தனக்குத் தண்ணி வர்ற மலையோர ஊர்களோட உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டது. நீங்க உங்க காட்டையும் ஓடையையும் சுத்தமா வெச்சுக்கோங்க, அதுக்கான செலவை நாங்க கொடுக்கிறோம்னு சொன்னது. இதுல நகரத்துக்கும் லாபம்: பிரம்மாண்டமான வடிகட்டும் ஆலை கட்டுற செலவு மிச்சம். நியூயார்க் ஒண்ணும் புண்ணியத்துக்குச் செய்யலை. முன்னாடி பல காலம் அந்த ஊர்களோட நிலத்தை எடுத்துக் கெட்ட பேர் வாங்கின நகரம்தான் அது. ஆனா எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கையெழுத்துப் போட ஊர்ச் சபைகள் இருந்தது. அதனால ஒப்பந்தம் சாத்தியமாச்சு.

பாகூர்லயும் வில்லியனூர்லயும் அப்படிக் கையெழுத்துப் போட யார் இருக்காங்க?

யார்கிட்டக் கேட்கிறது?

வில்லியனூர் பக்கத்துல கீழூர்னு ஒரு சின்னக் கிராமம். 1954 அக்டோபர் 18. பிரெஞ்சு இந்தியா இந்தியாவோட சேரணுமா வேண்டாமான்னு அங்கே ஒரு வாக்கெடுப்பு. ஓட்டுப் போட்டவங்க 178 பேர். சட்டமன்ற உறுப்பினர்களும் கொம்யூன்கள்ல தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும். 170 பேர் சேரணும்னு, 8 பேர் வேண்டாம்னு. அடுத்த மாசம் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறுச்சு.

கொஞ்சம் யோசிங்க. எந்த நாட்டோட இருக்கணும்ங்கிற அவ்வளவு பெரிய முடிவை, கொம்யூன் உறுப்பினர்கள் ஒரு கிராமத்துல கூடி எடுத்தாங்க. அந்தப் புதுச்சேரியில சுதந்திரத்துக்கு அப்புறம் உள்ளாட்சித் தேர்தல் 1968-ல நடந்தது. அடுத்தது 2006-ல. நடுவுல 38 வருஷம்! 2006-ல ஜெயிச்சவங்க பதவிக்காலம் 2011-ல முடிஞ்சது. அதுக்கப்புறம் கொம்யூன்களை அதிகாரிகள்தான் நடத்துறாங்க. 2021-ல தேர்தல் அறிவிப்பு வந்து, வழக்குல சிக்கி, நின்னுபோச்சு.

அப்ப இந்தக் குழாய்த் திட்டத்துக்குப் பாகூர் கொம்யூன் சம்மதிக்குதான்னு கேட்டா, பதில் சொல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட கொம்யூன் மன்றம் கிடையாது. சட்டமன்ற உறுப்பினர் இருக்கார், அவருக்குக் கட்சி இருக்கு. அதிகாரி இருக்கார், அவருக்குத் திட்டம் இருக்கு. கேஸ் கொம்யூன் இருந்த இடத்துல ஒண்ணும் இல்லை. அதனால ஊரோட பதில் தெருவுக்கு வருது. தெருவுல முழக்கம் போடலாம், ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு லிட்டர்னு பேரம் பேச முடியாது.

பேசவே தெரியாத ஊரும் இல்லை அது. 1999-ல இருந்து 2008 வரைக்கும் ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியோட புதுச்சேரியில ஏரிகள் புனரமைப்புத் திட்டம் நடந்தது. 84 ஏரிக்கும் ஏரிச் சங்கங்கள். பழைய சங்கம் மாதிரி நிலம் இருக்கிறவங்களுக்கு மட்டும் இல்லை. நிலமில்லாதவங்களுக்கும் பெண்களுக்கும் இடம் இருந்தது. பாகூர் பக்கம் ஏரிச் சங்கங்கள் ஒண்ணு சேர்ந்து பங்காரு வாய்க்கால் நீராதாரக் கூட்டமைப்புன்னே ஒண்ணு உருவாச்சு. சொர்ணாவூர்ல இருந்து ஏரி வரைக்கும் ஒரே வாய்க்காலை நம்பியிருக்கிற ஊர்கள், சாதி, கட்சி எல்லாம் தாண்டி ஒரே இடத்துல உட்கார்ந்து பேச முடியும்னு அது காட்டுச்சு.

அதனால இந்தக் கிராமங்களை வளர்ச்சிக்கு எதிரானவங்கன்னோ, சுயநலக்காரங்கன்னோ யாராவது எழுதினா, கொஞ்சம் நிதானமாப் படிங்க. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் அவங்க மறுக்கிறது தண்ணி கொடுக்கிறதை இல்லை. கணக்கு இல்லாம எடுக்கிறதை. எவ்வளவு எடுப்பீங்க, எந்த அளவுக்கு நீர்மட்டம் இறங்கினா நிறுத்துவீங்க, அந்த மீட்டரை யார் படிப்பாங்க, உப்பு ஏறினா யார் பொறுப்பு, பதிலுக்கு எங்க ஏரிக்கு என்ன? இந்த அஞ்சு கேள்விக்கும் பதில் எழுதி, அதுல கையெழுத்துப் போடத் தேர்தல்ல ஜெயிச்ச ஒரு கொம்யூன் சபையும் இருந்தா, பேச்சுவார்த்தை ஆரம்பிக்கலாம். அது முடிவுல "சரி"ன்னு போகலாம், "இல்லை"ன்னும் போகலாம். ஆனா அது அந்த ஊரோட முடிவா இருக்கும்.

ஆயி கதையில ராஜாகிட்ட அவ கேட்டது என்ன? வீடு போறதைத் தடுக்க முடியலை. ஆனா அந்த இடத்துல என்ன வரணும்ங்கிறதை அவளே தீர்மானிச்சா. இன்னிக்குப் பாகூருக்கு அந்த அளவு உரிமை கூட இல்லை.

அடுத்த தடவை பாண்டி போகும்போது ஆயி மண்டபத்துல போட்டோ எடுங்க, தப்பில்லை. அப்படியே அரை நாள் ஒதுக்கி பாகூர் ஏரிக்கரைக்கும் போயிட்டு வாங்க. டிசம்பர், ஜனவரின்னா ஏரி நிறைஞ்சு, பறவைகளோட இருக்க வாய்ப்பு அதிகம். கரையில யாராவது பெரியவங்க உட்கார்ந்திருந்தா, "பங்காரி, சிங்காரி யாருங்கய்யா?"ன்னு கேட்டுப் பாருங்க. கேட்டதை எங்களுக்கும் எழுதி அனுப்புங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுவரை குழாயை மூடி வைங்க.